வேலை போனால் நாடும் போச்சு

போப் ஆளும் வாடிகன் நாட்டின் மொத்தப் பரப்பு 44 ஹெக்டேர். பத்திர ஆபீஸ் கணக்கில் 109 ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. நம்ம செஞ்சிக்கோட்டை மதில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளையும் வளைத்துக்கொண்டு 13 கிலோமீட்டர் ஓடுகிறது. உள்ளே இருக்கும் பரப்பு சுமார் 11 சதுர கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் 25 வருகிறது. அதாவது 25 வாடிகன்களைக் கோட்டைக்குள் வரிசையாக அடுக்கலாம். கல்யாண மகாலை மட்டும் கொஞ்சம் ஓரமாக நகர்த்த வேண்டியிருக்கும்.

ஆள் கணக்கு இன்னும் பரிதாபம். 2011 மார்ச் மாதக் கணக்குப்படி அந்த நாட்டுக் குடிமக்கள் 572 பேர். அதிலும் சுவருக்குள் குடியிருந்தவர்கள் 220 பேர்தான். மற்ற 352 பேரும் வெளியே, பெரும்பாலும் தூதரகங்களில். எங்கள் அனந்தபுரம் பேரூராட்சியில் இரண்டு வார்டுகளைச் சேர்த்தாலே இந்தத் தலைக்கணக்கைத் தாண்டிவிடலாம். ஆனால் எங்கள் கவுன்சிலர்களுக்கு ஐ.நா. சபையில் நாற்காலி கிடையாது. போப்புக்குப் பார்வையாளர் நாற்காலி உண்டு.

இந்த நாட்டில் ஒரு விசேஷம்: பிறந்ததால் மட்டும் யாரும் இங்கே குடிமகன் ஆகிவிட முடியாது. பிரசவ ஆஸ்பத்திரியே இல்லை என்பது ஒரு பக்கம். பெரும்பான்மைக் குடிமக்கள் பிரம்மசாரிகள் என்பது இன்னொரு பக்கம். சட்டமும் பிறப்பைச் சட்டை செய்வதில்லை, பார்ப்பதெல்லாம் உத்தியோகத்தைத்தான். வேலை கிடைத்தால் குடியுரிமை. வேலை போனால் குடியுரிமையும் காலி. மின்வாரியக் குவார்ட்டர்ஸ் மாதிரி. ரிட்டையர்டு ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

இப்படி ஒரு நாடு எப்படி முளைத்தது? அந்தக் கதைக்குப் போகுமுன் நம்ம கோட்டைக்குள் நடந்த ஒரு கூத்தைப் பார்த்துவிடலாம். நாட்டை இழந்த ராஜா சுவருக்குள் உட்கார்ந்துகொண்டு ராஜாவாகவே காலம் தள்ளுவது எப்படி என்ற பாடத்தை ரோமாபுரிக்கு முன்பே நடத்திக் காட்டியது செஞ்சிதான்.

1689. மராட்டிய நாட்டை ஔரங்கசீப் விழுங்கிக்கொண்டிருக்கிறார். சிவாஜியின் இளைய மகன் ராஜாராம் யாத்திரிகர் வேடம் போட்டுக்கொண்டு தெற்கே நழுவுகிறார். அப்பா 1677-இல் பிடித்து வைத்த செஞ்சி அப்போது கைகொடுத்தது. வந்து சேர்ந்ததும் கொலுமண்டபம் கூடியது. நாடு சுருங்கியிருக்கிறதே, மந்திரிசபையையும் சுருக்குவோம் என்று யாருக்கும் தோன்றவில்லை. சிவாஜி காலத்தில் அஷ்டப்பிரதானிகள் எட்டுப் பேர். ராஜாராம் ‘பிரதிநிதி’ என்று புதுப் பதவி ஒன்றை உண்டாக்கி ஒன்பதாக்கினார். எதிரியின் கையில் இருக்கும் ஊர்களையும் தாராளமாக ஜாகீர் எழுதிக் கொடுத்தார். பத்திரம் செஞ்சியில், நிலம் மொகலாயர் வசம். வாங்கியவன் சண்டை போட்டு மீட்டுக்கொள்ள வேண்டியது. நம்ம ஊர் ரியல் எஸ்டேட்காரர்களுக்கு முன்னோடி என்று யாரையாவது சொல்ல வேண்டுமென்றால் தயங்காமல் இவரைச் சொல்லலாம்.

1690-இல் மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் வந்து கோட்டையைச் சூழ்ந்தார். முற்றுகை ஏழு வருஷத்துக்கு மேல் நடந்தது. இவ்வளவு நாள் ஏன் என்று மொகலாய தர்பாரிலும் சந்தேகம். இரண்டு தரப்பும் உள்ளுக்குள் பேசிவைத்துக்கொண்டு இழுத்தடிக்கிறார்கள் என்று அந்தக் காலத்திலேயே பேச்சு அடிபட்டது. கடைசியில் 1698 தொடக்கத்தில் கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை. வந்தது போலவே நழுவிவிட்டார்.

இந்த முற்றுகைக் காலத்தில் நடந்த ஒரு வியாபாரத்தைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. கடலூர் பக்கத்துத் தேவனாம்பட்டினம் கோட்டையை 1690-இல் இங்கிலீஷ் கம்பெனிக்கு விற்றது செஞ்சி தர்பார். அப்போது சென்னையில் கவர்னர் எலிஹு யேல். கோட்டை சரி, சுற்றி எவ்வளவு நிலம்? சர்வேயர், சங்கிலி, எல்லைக்கல் எதுவும் வேண்டாம். கோட்டையிலிருந்து பீரங்கியால் சுடு, குண்டு எதுவரை போகிறதோ அதுவரை உன் நிலம் என்று ஒப்பந்தம். கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா? இருப்பதிலேயே தூரமாகச் சுடும் பீரங்கியையும் கைதேர்ந்த பீரங்கிக்காரனையும் சென்னையிலிருந்து வரவழைத்தான். கடலூர் டவுனே குண்டுக்குள் விழுந்துவிட்டது. அப்படிச் சிக்கிய ஊர்களுக்குக் ‘குண்டு கிராமம்’ என்றே பெயர். அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் பேசிக்கொண்டதை எந்த ஆவணமும் குறித்து வைக்கவில்லை. இப்படித்தான் இருந்திருக்கும்:

“மாமா, குண்டு எங்க விழுந்துச்சு? வாய்க்காலுக்கு இந்தாண்டயா, அந்தாண்டயா?”

“அந்தாண்ட மாப்ள.”

“அப்ப நாம?”

“இன்னியிலேர்ந்து வெள்ளைக்காரன் ஆளு. போய்க் களத்துல இருக்கிற நெல்ல முதல்ல வீட்டுக்குள்ள ஏத்து.”

விண்ணப்பம் இல்லை, போட்டோ இல்லை, இருப்பிடச் சான்றிதழுக்கு வி.ஏ.ஓ. பின்னால் அலைய வேண்டியதில்லை. ஒரு குண்டு, ஊரே தேசம் மாறிவிட்டது.

இனி ரோமாபுரி. போப் ஒரு காலத்தில் இத்தாலியின் நடுப்பகுதியை ஆண்ட அசல் ராஜா. ஒன்பதாம் பயஸ், நம்ம பக்கத்துக் கோயில்களில் பழைய ஆட்கள் சொல்கிற மாதிரி ஒன்பதாம் பத்திநாதர், 1846-இல் பட்டத்துக்கு வந்தபோது அவருக்குச் சுமார் 30 லட்சம் பிரஜைகள். ஜனங்களுக்குச் சலுகைகள் கொடுத்தார், கைதிகளை விடுவித்தார், ரோமாபுரியே அவரைத் தூக்கிக் கொண்டாடியது. இரண்டே வருஷத்தில் அதே ரோமாபுரி அவர் அரண்மனை வாசலில் வந்து நின்று கூச்சல் போட்டது. 1848 நவம்பர் 15 அன்று அவருடைய முதன்மந்திரியை நட்டநடுப் பகலில் குத்திக் கொன்றார்கள். போப் தப்பித்தே ஆக வேண்டும்.

நவம்பர் 24 சாயங்காலம் பிரெஞ்சுத் தூதர் ஹார்கோர் பேட்டிக்கு வந்தார். கதவு சாத்தப்பட்டது. வெளியே காவலுக்கு நின்றவர்கள் காதில் உள்ளே தூதர் சத்தமாகப் பேசுவது விழுந்துகொண்டே இருந்தது. ‘அடேயப்பா, பேச்சு நீளமாக இருக்கிறதே’ என்று நினைத்திருப்பார்கள். உள்ளே தூதர் மட்டும்தான் இருந்தார். போப் சாதாரணப் பாதிரியார் அங்கி மாட்டிக்கொண்டு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பின்வழியாக இறங்கி பவேரியத் தூதரின் வண்டியில் ஏறிக் கிளம்பியாயிற்று. ராஜாராம் போட்டது யாத்திரிகர் வேடம். இவர் போட்டது பாதிரியார் வேடம். போப்பே பாதிரியார் வேடம் போட்டுக்கொண்டு ஓடினார் என்பதில் ஒரு சௌகரியம்: நடிக்க அதிகம் கஷ்டப்பட வேண்டியிருக்கவில்லை.

1850-இல் பிரெஞ்சுப் பட்டாளத்தின் தயவில் திரும்பி வந்தார். ஆனால் இத்தாலி ஒன்றுசேர ஆரம்பித்திருந்தது. 1860-இல் பெரும்பகுதி போயிற்று. 1870 செப்டம்பர் 20 அன்று இத்தாலியப் படை பியா வாசல் பக்கத்து மதிலை உடைத்துக்கொண்டு ரோமாபுரிக்குள் நுழைந்தது. போப் வாடிகன் மாளிகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, “நான் கைதி” என்று அறிவித்தார்.

கைதி என்று இத்தாலி சொல்லவில்லை, அவரே சொல்லிக்கொண்டார். அடுத்த வருஷமே இத்தாலிப் பாராளுமன்றம் தனிச்சட்டம் போட்டு வருஷத்துக்கு 32 லட்சத்து 25 ஆயிரம் லிரா தருகிறோம், கௌரவமாக இருங்கள் என்றது. இவர் ஒரு காசு தொடவில்லை. வாங்கினால் நிலத்தைக் கொடுத்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா? பங்காளிச் சண்டையில் ஊறியவர்களுக்கு இந்த நியாயம் உடனே புரியும். கேஸ் நடக்கும்போது எதிராளி அனுப்பும் பொங்கல் சீரைக்கூட வாங்கக் கூடாது.

இந்தச் சிறைவாசம் 59 வருஷம் நீண்டது. அவருக்குப் பின் வந்த பதின்மூன்றாம் சிங்கராயர் 25 வருஷம் போப்பாக இருந்துவிட்டு, வாசற்படி தாண்டாமலே இறந்தார். பத்தாம் பத்திநாதர், பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் இருவரும் அப்படியே. ஒன்பதாம் பத்திநாதர் மட்டும் ஒருமுறை வெளியே வந்தார், 1881 ஜூலையில், பிணமாக. ராத்திரியோடு ராத்திரியாக வேறு கோயிலுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்யலாம் என்று பெட்டியைத் தூக்கினார்கள். வழியில் ஒரு கும்பல் புகுந்து பெட்டியை டைபர் நதியில் தள்ளப் பார்த்தது. அந்த மனுஷர் உள்ளேயே இருந்ததில் அர்த்தம் இருந்திருக்கிறது.

ஆனால் நம்ம ராஜாராமின் ஏழு வருஷத்துக்கும் இந்த 59 வருஷத்துக்கும் ஒரு வித்தியாசம். செஞ்சியில் வெளியே நின்றவன் நிஜமாகவே உள்ளே வரப் பார்த்தான். ரோமாபுரியில் வெளியே நின்றவன், “சாமி, நீங்க எப்ப வேணா வெளியே வரலாமே” என்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

கடைசியில் ராஜி பேச வந்து சேர்ந்தவர் முசோலினி. 1929 பிப்ரவரி 11, லாத்தரன் மாளிகை. போப் தரப்பில் கர்தினால் காஸ்பாரி கையெழுத்துப் போட்டார். 75 கோடி லிரா ரொக்கம், 100 கோடி லிராவுக்குக் கடன்பத்திரம், கூடவே 44 ஹெக்டேரில் தனி நாடு. பழைய பாக்கி பைசல். அந்த ஜூலை 25 அன்று பதினொன்றாம் பத்திநாதர் வெளியே வந்தார். 59 வருஷம் கழித்து ஒரு போப் வெளியே வருகிறாரே, எவ்வளவு தூரம் போயிருப்பார்? பேதுரு கோயிலின் முன்னால் இருக்கும் சதுக்கம் வரைக்கும். சொந்த வீட்டு வாசலில் ஒரு சுற்று சுற்றிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நாடு வந்துவிட்டது. குடிமக்கள் யார்? 1929 ஜூன் 7 அன்று ஆறு சட்டங்கள் போட்டார்கள். மூன்றாவது சட்டம் குடியுரிமைக்கும் குடியிருப்புக்கும். வாடிகனிலோ ரோமாபுரியிலோ குடியிருக்கும் கர்தினால்கள் குடிமக்கள். உத்தியோக நிமித்தம் உள்ளே குடியிருப்பவர்கள் குடிமக்கள். கல்யாணமானவர் என்றால் கூடவே குடியிருக்கும் மனைவி மக்களும். மகனுக்கு 25 வயது முடிந்தால் குடியுரிமை முடிந்தது. மகளுக்குக் கல்யாணம் ஆனால் முடிந்தது. புகுந்த வீட்டுக்குப் போகும் பெண்ணோடு நகை, பாத்திரம் மட்டும் போகும்; தேசம் போகாது. 2011-இல் வந்த புதுச் சட்டம் பிள்ளைகளுக்கு எல்லோருக்கும் 18 வயது என்று வைத்துவிட்டது.

குடியுரிமை போனவன் தெருவில் நிற்கவும் கூடாதே? அதற்கு லாத்தரன் ஒப்பந்தத்தின் ஒன்பதாம் ஷரத்து. வேறு எந்த நாடும் அவனைத் தன் ஆள் என்று சொல்லாவிட்டால் அவன் தானாகவே இத்தாலியன் ஆகிவிடுவான். வேலையை விட்டுத் தூக்கினால் இன்னொரு தேசம் கையில் கொடுத்து அனுப்பும் முதலாளி உலகத்திலேயே இவர் ஒருத்தர்தான்.

சட்டத்தின் அழகு அதன் ஓரங்களில்தான் தெரிகிறது. ரோமாபுரியில் வெளியே எங்கோ பிளாட்டில் குடியிருக்கும் கர்தினால் வாடிகன் குடிமகன். தினமும் காலையில் பஸ் பிடித்து வந்து அந்தச் சுவருக்குள் பெருக்கிக் கூட்டி, சாயங்காலம் வீட்டுக்குப் போகிறவர் குடிமகன் இல்லை. வர்ணப் பட்டை உடுப்புப் போட்டுக்கொண்டு ஈட்டியோடு நிற்கும் சுவிஸ் காவலர் குடிமகன். அந்த வேலைக்கு சுவிஸ் நாட்டானாக, கத்தோலிக்கனாக, கல்யாணம் ஆகாதவனாக, குறைந்தது 174 சென்டிமீட்டர் உயரமாக இருக்க வேண்டும். 1506-இல் ஆரம்பித்த படை. ஒரு நாட்டின் ராணுவத்தில் சேர வேறு நாட்டில் பிறந்திருக்க வேண்டும் என்பது விதி. 1527-இல் ரோமாபுரி சூறையாடப்பட்டபோது 189 பேரில் 147 பேர் போப்பைக் காப்பாற்ற உயிரைக் கொடுத்தார்கள். அதனால் இவர்களை மட்டும் கிண்டல் பண்ண எனக்குக் கை வரவில்லை.

எல்லை என்று பார்த்தால் சதுக்கத்தின் வாயில் தரையில் பதித்த வெள்ளைக்கல் வரிதான். இரண்டாம் உலகப் போரில் 1943-இல் ஜெர்மானியர்கள் ரோமாபுரியைப் பிடித்ததும் அந்த வாயில் ஒரு வெள்ளைக்கோடு இழுத்துவிட்டுப் போனார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் நாஜி ராணுவம். இந்தப் பக்கம் பேதுரு கோயில் படியில் ஹ்யூ ஓ’ஃப்ளாகர்ட்டி என்ற ஐரிஷ் பாதிரியார் நின்றுகொண்டு, தப்பி ஓடிவந்த சிப்பாய்களுக்கு ஒளிந்துகொள்ள இடம் தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரைப் பிடிக்க வெளியே ஆள் வைத்திருந்தார்கள். ஆனால் ராணுவம் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. பீரங்கிக் குண்டைவிட சுண்ணாம்புக்கு மரியாதை அதிகம் போலிருக்கிறது.

இந்த 109 ஏக்கர் ராஜ்ஜியத்துக்கு நம்ம பக்கத்திலிருந்தும் ஒருவர் போய்ச் சேர்ந்தார். அன்றைய தென்னாற்காடு மாவட்டத்துக் கல்லேரி என்ற கிராமத்தில் 1924 பிப்ரவரி 5 அன்று பிறந்த துரைசாமி சைமன் லூர்துசாமி. 1951-இல் குருப்பட்டம். பெங்களூர் பேராயர். 1971-இல் ரோமாபுரிக்குக் கூப்பிட்டார்கள். 1973-இல் மறைபரப்புப் பேராயத்தின் செயலாளர். உலகம் முழுக்க மிஷன் மறைமாவட்டங்களின் ஃபைல்கள் வந்து சேரும் ஆபீஸ் அது. வெள்ளைக்காரப் பாதிரிமார் கப்பலேறி வந்து மதம் பரப்பிய ஊரிலிருந்து ஒருவர் போய், அவர்களை அனுப்பிய ஆபீஸில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது சாதாரண விஷயமில்லை. 1985 மே 25 அன்று கர்தினால். கிழக்குத் திருச்சபைகளுக்கான பேராயத்தின் தலைவர். சட்டம் அவருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி: கர்தினால், ரோமாபுரியில் வாசம். இன்னொரு ஊரில் கர்தினாலாக இருந்திருந்தால் இந்தக் குடியுரிமை கிடையாது. பம்பாய்க் கர்தினாலுக்கு இல்லை, ரோமாபுரி வாசி கர்தினாலுக்கு உண்டு.

கர்தினால் என்றால் அடுத்த போப்பைத் தேர்ந்தெடுக்க ஓட்டு உண்டு, 80 வயது ஆகும்வரை. லூர்துசாமி 1985-இல் வாக்காளர் பட்டியலில் ஏறினார். ஆனால் அப்போது போப் இரண்டாம் அருள் சின்னப்பர். உலகம் சுற்றினார், பனிச்சறுக்கு விளையாடினார், துப்பாக்கிக் குண்டுக்கே அசையவில்லை. வருஷம் போய்க்கொண்டே இருந்தது. 2004 பிப்ரவரி 5 அன்று லூர்துசாமிக்கு 80 வயது நிறைந்து ஓட்டுரிமை முடிந்தது. போப் இறந்தது 2005 ஏப்ரல் 2. கிட்டத்தட்ட 19 வருஷம் பட்டியலில் பெயர் இருந்தும் தேர்தலே வரவில்லை. பெயரை எடுத்த 14 மாதத்தில் வந்தது. ஓட்டுச்சாவடிக்குப் போய் “உங்க பேரு லிஸ்ட்ல இல்லைங்க” என்ற பதிலைக் கேட்டுவிட்டுத் திரும்பியவர்கள் அவரை நினைத்து ஆறுதல் அடையலாம். 2014 ஜூன் 2 அன்று ரோமாபுரியிலேயே காலமானார்.

வாடிகன் காரைத் தெரிந்துகொள்ள ஒரு வழி, நம்பர் பிளேட்டில் ‘எஸ்.சி.வி.’ என்று இருக்கும். வாடிகன் நகர நாடு என்பதன் லத்தீன் முதலெழுத்துகள். ‘கிறிஸ்து மட்டும் இதைப் பார்த்தால்’ என்று அதற்கு ரோமாபுரி ஜனங்கள் வேறு விரிவு வைத்திருக்கிறார்கள். நம்ம ஊரில் எஸ்.சி.வி. என்றால் மாசாமாசம் வசூலுக்கு வருகிற கேபிள்காரர்.

இந்த உத்தியோகக் குடியுரிமையின் உச்சக்கட்ட வேடிக்கை 2013-இல் நடந்தது. புதுக் குடியுரிமைச் சட்டத்தை 2011 பிப்ரவரி 22 அன்று போட்டவர் பதினாறாம் ஆசீர்வாதப்பர். உத்தியோகம் உண்டென்றால் குடியுரிமை என்ற அதே பழைய அடிப்படைதான். கூடவே, உத்தியோகம் இல்லாவிட்டாலும் போப்பின் அனுமதியோடு உள்ளே குடியிருப்பவர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு வழியும் அதில் இருந்தது. சரியாக இரண்டு வருஷமும் ஆறு நாளும் கழித்து, 2013 பிப்ரவரி 28 அன்று, அவரே உத்தியோகத்தை ராஜினாமா செய்தார். அறுநூறு வருஷமாக எந்தப் போப்பும் செய்யாத காரியம். ஹெலிகாப்டரில் ஏறி, இத்தாலி மண்ணில் இருக்கும் காஸ்டல் கண்டோல்ஃபோ மாளிகைக்குப் போனார். வேலை இல்லை, ஊரிலும் இல்லை. இரண்டு மாதம் கழித்து மே 2 அன்று, புதுப் போப்பின் அனுமதியோடு, வாடிகன் தோட்டத்து மடம் ஒன்றில் குடிவந்தார். தான் எழுதிய சட்டத்தில் தனக்கே ஒரு சந்து விட்டுவைத்த புத்திசாலித்தனத்தை மெச்சத்தான் வேண்டும்.

புதுப் போப் பிரான்சிஸ் அரண்மனைக்கே போகவில்லை. சாந்தா மார்த்தா என்ற விருந்தினர் விடுதியில் 201-ஆம் அறையில் தங்கிவிட்டார். ஆக, அப்போது 44 ஹெக்டேர் நாட்டில் இரண்டு போப். ஒருவர் மடத்தில், ஒருவர் லாட்ஜில். போப்புகளின் மாளிகைக் குடியிருப்புக்குப் பூட்டு. நாட்டின் தலைவர், ராணுவத்துக்கு எஜமானர், குடியுரிமை கொடுக்கவும் பிடுங்கவும் அதிகாரம் உள்ளவர். அப்படிப்பட்ட பிரான்சிஸைப் பார்க்க 2014 பிப்ரவரியில் அர்ஜென்டினா தூதரகத்து ஆட்கள் சாந்தா மார்த்தாவுக்கு ஒரு மெஷினோடு வந்தார்கள். சுவர் ஓரமாக நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள், விரல் ரேகை பதிந்தார்கள். போப் தன் சொந்த ஊர் அடையாள அட்டையையும் பாஸ்போர்ட்டையும் புதுப்பித்துக்கொண்டிருந்தார்.